பின்கதவுப் பக்கம் நிற்பவர்களுக்கு

சூலூர் விமானப்படைத் தளத்தில் சரக்கு விமானங்களைப் பழுது பார்ப்பவர்களுக்கும், அவற்றில் பாரம் ஏற்றி இறக்குபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



தேஜஸ் போர் விமானங்கள் வந்த பிறகு எங்கள் வட்டாரத்தில் அண்ணாந்து பார்க்காத ஆளில்லை. சாரங் ஹெலிகாப்டர்கள் ஒத்திகை பார்க்கும் நாள்களில் மொட்டைமாடிகளில் பிள்ளைகள் கூட்டம். போர் விமானத்தைப் பற்றிக் கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூட வேகம், உயரம் எல்லாம் ஒப்பிப்பான். அந்தப் புகழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மடல் மட்டும் வேறு ஆள்களுக்கு. இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த இரண்டு பெரிய என்ஜின்களோடு, கனத்த உடம்பைச் சுமந்துகொண்டு நிதானமாக ஏறிப்போகும் ஏஎன்-32 சரக்கு விமானத்தின் பின்கதவுப் பக்கம் நிற்பவர்களுக்கு. பாரத்தைக் கட்டுகிறவருக்கு, எடைக் கணக்குப் போடுகிறவருக்கு, தேய்ந்த உதிரிப்பாகத்தைக் கண்டுபிடித்துக் கழற்றுகிறவருக்கு.

உங்களில் யாரையும் பேர் சொல்லி அழைக்க என்னால் முடியாது. விமானம் கிளம்பத் தாமதமானால் உங்கள் பெயரைத் தேடுவார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் விமானியின் பெயரே வெளியில் வராது, அப்புறமல்லவா உங்கள் பெயர். நான் ஒரு லேத் பட்டறைக்காரன். பம்ப்செட் பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவன். நன்றாக ஓடுகிற மோட்டாருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்பது எங்கள் தொழிலில் தினசரி அனுபவம். அதனால்தான் உங்களுக்கு நன்றி சொல்லும் வேலையை ஊரறியச் செய்கிறேன்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண் மூடியது. சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பிப் போயின. அதைப் பார்த்தோம், படித்தோம். ஆனால் அங்கே பெரிய சிக்கல் ஆறு. சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போனதால் அக்கரைக்கு மண்வெட்டி இயந்திரம் போக வழியில்லை. ஆள்களால் தோண்ட முடிந்த அளவுதான் மீட்பு. எஃகுச் சட்டங்களைக் கோத்து அமைக்கும் பெய்லி பாலத்தைப் போட்டால்தான் மேற்கொண்டு நகர முடியும் என்ற நிலை. அந்தப் பாலத்துக்கான பாகங்கள் டெல்லியிலிருந்து சி-17 விமானத்தில் கண்ணூருக்கு வந்தன. அங்கிருந்து லாரிகளில் மலையேறின. ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் இரவும் பகலுமாக நின்று, ஆகஸ்ட் 1 அன்று 190 அடி நீளத்துக்குப் பாலத்தைக் கட்டி முடித்தார்கள். 24 டன் தாங்கும் பாலம். அதன்மேல் இயந்திரங்கள் அக்கரைக்குப் போயின.

பெய்லி பாலத்தின் ஒரு சட்டம் 10 அடி நீளம், 5 அடி உயரம். ஆறு பேர் சேர்ந்து தூக்குகிற எடை. சட்டத்தோடு சட்டத்தைக் கோப்பது ஒரு எஃகுப் பின். 190 அடி என்றால் பத்தடிச் சட்டங்கள் 19 வரிசை. இவற்றை விமானத்தின் வயிற்றில் அடுக்கும்போது எஃகுப் பின்கள் இருக்கும் பெட்டியில் ஒன்று குறைந்தால், மறுகரையில் பாலம் நிற்காது. கட்டி முடித்த பாலத்தின் படத்தை நாடே பார்த்தது. டெல்லியில் அந்தப் பெட்டியை எண்ணிக் கையெழுத்துப் போட்டவர் எந்தப் படத்திலும் இல்லை. அவர் எந்த ஊர்க்காரரோ. அவர் செய்கிற வேலையை இங்கே சூலூரில் நீங்கள் செய்கிறீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எடைக் கணக்கில் பார்த்தால் உங்கள் விமானம் எங்கள் ஊர் டாரஸ் லாரிக்கு ஈடாகாது. ஏஎன்-32 ஏற்றக்கூடிய அதிகபட்சப் பாரம் 6.7 டன்தான். நாமக்கல்லிலிருந்து கிளம்பும் ஒரு டாரஸ், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு வாளையாறு தாண்டிவிடும். 2018 கேரள வெள்ளத்தின்போது கோவையிலிருந்து அரிசியும் தண்ணீரும் துணிமணியும் போனது பெரும்பாலும் லாரியில்தான். ஆகவே வான்வழிச் சரக்கு என்பது லாரிக்கு மாற்று ஆகாது. லாரி நின்றுபோன இடத்தில்தான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. சாலை இல்லை, பாலம் இல்லை, அல்லது நடுவில் கடல் இருக்கிறது. அப்போது ஆறு டன் என்பது ஆறு டன் அல்ல, அங்கே இருக்கிற ஒரே சரக்கு அதுதான்.

தமிழர்கள் ஏஎன்-32 என்ற பெயரை முதன்முதலாகப் பரவலாகக் கேட்டது 1987 ஜூன் 4 அன்று. முற்றுகைக்குள் இருந்த யாழ்ப்பாணத்துக்கு முந்தின நாள் ராமேசுவரத்திலிருந்து படகுகளில் அனுப்பிய நிவாரணப் பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் மூட்டைகளை இறக்கின. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். மொத்தம் சுமார் 25 டன். ஒரு குடாநாட்டின் பசிக்கு அது எந்த மூலைக்கு? அதில் அரசியல் செய்தி பாதிக்கு மேல் இருந்தது என்பதும், பின்னால் நடந்தவை எவ்வளவு கசப்பானவை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் நினைத்துப் பார்ப்பது அந்த ஐந்து விமானங்களின் பின்கதவுப் பக்கம் நின்று மூட்டையைத் தள்ளியவர்களை. கீழே விழுவது பருப்பு மூட்டையா, அரசியலா என்று அவர்கள் யோசித்திருக்க நேரமில்லை. விளக்கு பச்சையாக மாறும். தள்ள வேண்டும்.

சங்ககிரிப் பக்கம் பாரம் ஏற்றுகிற பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன், லாரியில் பாரத்தை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்வார்கள் என்று. "முடிவென்னுங்க முடிவு? பின்னாடி ஏத்துனா முன்சக்கரம் தூக்கிக்கும், ஸ்டேரிங் பேசாதுங்க. முன்னாடியே ஏத்துனா பிரேக்குல வண்டி குப்புற அழுத்தும். நடுவாந்தரத்துல வெச்சுக் கட்டோணும். கயிறு சத்தம் போடாம இருந்தா சரியாக் கட்டியிருக்குன்னு அர்த்தமுங்க" என்றார். லாரியில் தப்பினால் ஓரமாக நிறுத்தி மறுபடி கட்டலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் எடையும், அது விமானத்தின் நீளத்தில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதும் தாளில் ஏறி, எல்லாம் கூட்டி, விமானத்தின் எடைமையம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உங்கள் கதவு மூடும். தரையில் பதித்த வளையங்களில் சங்கிலியும் பட்டையும் வலையும் மாட்டி இறுக்குகிறீர்கள். முன்பக்கம் பாயாமல் இருக்க ஒரு கணக்கு, பின்பக்கம் நழுவாமல் இருக்க ஒரு கணக்கு, மேலே எழும்பாமல் இருக்க இன்னொன்று.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதை 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராம் தளத்தில் உலகம் பார்த்தது. கவச வண்டிகளை ஏற்றிக்கொண்டு மேலெழும்பிய 747 சரக்கு விமானத்தில் கட்டு அறுந்து, வண்டி பின்னோக்கி நகர்ந்து வால்பக்கத்துக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைத்தது. விமானம் மூக்கைத் தூக்கி நின்று விழுந்தது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். என்ஜினில் கோளாறில்லை, வானிலை காரணமில்லை, எதிரி சுடவில்லை. பட்டை போதவில்லை. சூலூரில் ஒவ்வொரு முறையும் பட்டையைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை இழுத்துப் பார்க்கிறவருக்கு என் முதல் நன்றி.

இறங்கிச் சரக்குக் கொடுப்பது ஒரு வகை. இறங்க இடமே இல்லாதபோது பறந்துகொண்டே கொடுப்பது இன்னொரு வகை. அதன் சிரமம் வெளியில் தெரிவதில்லை. ஏஎன்-32-இன் பின்கதவு சாய்தளமாக இறங்கும். தேவைப்பட்டால் முன்னோக்கி நகர்ந்து விமானத்தின் வயிற்றுக்கு அடியிலேயே போய் ஒதுங்கிக்கொள்ளும். அப்போது லாரியை நேராக வாய்க்குக் கொண்டுவந்து சரக்கை மாற்றலாம். வானத்தில் அதே ஏற்பாடுதான் மூட்டை விழுவதற்கு வழி. தரையில் உருளைகள் பதித்திருக்கும். பெட்டியைக் கட்டியிருக்கும் தளை விடுபட்டதும் அது உருண்டு வெளியேறும். பாரம் பின்னோக்கி நகரும் அந்த நொடிகளில் எடைமையமும் சேர்ந்து நகர்வதால் விமானம் மூக்கைத் தூக்கப் பார்க்கும். விமானி அதை முன்கூட்டியே எதிர்பார்த்துப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர். ஒரு நொடி தாமதமாகத் தள்ளினால் மூட்டை 70 மீட்டர் தள்ளி விழும். மலைமுகட்டில் 70 மீட்டர் என்பது முகாமுக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள தூரம்.

விழுகிற விதத்திலும் வகை உண்டு. உடையாத பொருளாக இருந்தால் பாராசூட் இல்லாமலே போடுவார்கள். ஒரு சாக்கை முழுக்க நிரப்பாமல் தளர்வாகக் கட்டி, அதை இன்னொரு பெரிய சாக்குக்குள் போட்டுக் கட்டுவது பழைய முறை. தரையில் மோதி உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு அரிசியைச் சிந்தவிடாது. மருந்தும் கருவிகளும் பாராசூட்டில்தான் இறங்கும், அடியில் தேன்கூட்டு அட்டை வைத்து. அந்த அட்டை நசுங்குவதற்கென்றே வைக்கப்படுவது. அது நசுங்கினால் உள்ளே இருப்பது பிழைக்கும். ஆக்ராவில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வான்வழி விநியோகப் பிரிவு 'பி-7' என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. ஏழு டன் வரை எடையுள்ள வண்டியை ஒரு மேடையில் கட்டி, பெரிய விமானத்திலிருந்து ஐந்து பெரிய பாராசூட்டுகளில் இறக்கலாம். அதே நிறுவனம் 2021 டிசம்பரில் ஏஎன்-32-இலிருந்து இன்னொன்றைச் சோதித்துக் காட்டியது. 500 கிலோ வரை பாரத்தைத் தூக்கிக்கொண்டு, தானே திசை பார்த்துத் திரும்பி, குறித்த இடத்தில் இறங்குகிற பாராசூட். இனிமேல் அந்த ஒரு நொடித் தாமதத்தை இயந்திரம் சரிக்கட்டும். நல்லதுதான். ஆனாலும் பாராசூட்டை மடிப்பது கை. மடித்தவர் பெயரை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் கை.

சோமனூர்ப் பக்கத்து நெசவாளிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று ஒரு சங்கதி. இரண்டாம் உலகப்போரில் பர்மாப் போர்முனையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம்மின் படைக்குப் பெரும்பாலும் வானத்திலிருந்துதான் சோறு விழுந்தது. பாராசூட்டுக்குப் பட்டும் நைலானும் கிடைக்கவில்லை. கல்கத்தா ஆலைகளில் சணலில் பாராசூட் செய்தார்கள். மனிதனை இறக்க அது ஆகாது, மூட்டையை இறக்கப் போதும். ஒரு படையே தறிக்காரனை நம்பிச் சாப்பிட்டது. ஆலை ஊரும் தறி ஊரும் யுத்தத்துக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி என் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிறேன். ஏஎன்-32 முதலில் பறந்தது 1976-ல். உயரமும் வெயிலும் சேர்ந்த இடங்களில் ஏறக்கூடிய சரக்கு விமானம் வேண்டும் என்ற இந்தியாவின் தேவையை வைத்துக் கீவ் நகரத்து ஆன்டனோவ் நிறுவனம் வடிவமைத்தது. அதற்கு முந்தின ஏஎன்-26-இன் என்ஜினுக்கு 2,820 குதிரைத்திறன். இதற்கு 5,180. அவ்வளவு பெரிய விசிறி தரையில் இடிக்காமலும், மண் ஓடுபாதையில் கல்லை உறிஞ்சாமலும் இருக்கத்தான் என்ஜினை இறக்கைக்கு மேலே ஏற்றிவைத்தார்கள். பார்க்க அழகில்லை என்று சொல்பவர்கள் அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் அழகு தெரியும். 2008 மே 31 அன்று லடாக்கில் 16,600 அடிக்கு மேல் இருக்கும் தௌலத் பேக் ஓல்டி மண் ஓடுபாதையில், 43 ஆண்டுகள் விமானமே இறங்காத இடத்தில், ஏஎன்-32 இறங்கித் திரும்ப எழுந்தது. அந்தக் காற்றில் மனிதனுக்கே மூச்சுத் திணறும்.

எண்பதுகளில் வாங்கிய இயந்திரம் இன்றும் பறக்கிறது என்றால் அதற்குள் எத்தனை பாகம் மாறியிருக்கும் என்று பட்டறைக்காரனுக்குத் தெரியும். சீல் தேயும், புஷ் தேயும், ஹைட்ராலிக் குழாயில் மயிரிழை விரிசல் விழும். சரக்கே பாகத்தைத் தின்கிற கதையும் உண்டு. 1948-49-ல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளை அடைத்தபோது, மேற்கு நாடுகள் ஏறத்தாழ 23 லட்சம் டன் சரக்கை வானத்தில் கொண்டுபோய்க் கொடுத்தன. அதில் பெரும்பங்கு நிலக்கரி. கரித்தூள் மூட்டையிலிருந்து கசிந்து விமானத்தின் ஒயர்களுக்குள்ளும் இணைப்புகளுக்குள்ளும் புகுந்து அரித்தது. பெர்லினைக் காப்பாற்றியவர்கள் பட்டியலில் ராத்திரியில் தூள் துடைத்த மெக்கானிக்குகளும் உண்டு.

நம் ஏஎன்-32-களைப் புதுப்பிக்க 2009-ல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு பகுதி விமானங்கள் கீவுக்கே போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தன. மீதியைக் கான்பூரில் விமானப்படையின் பணிமனையில் செய்யத் திட்டம். 2014-ல் உக்ரைனில் சண்டை தொடங்கியதும் பாகங்கள் வருவது தடைப்பட்டது. 2022-க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். என்ஜின் பிறந்த ஊர் சப்போரீஷியா. செய்தியில் அந்தப் பெயர் இப்போது எதற்காக அடிபடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலை இருக்கும் ஊரில் குண்டு விழுகிறபோது, சூலூரில் ஒரு வால்வுக்குக் காத்திருப்பவர் என்ன செய்வார்? இருக்கிறதைச் சோதித்து, தேய்மானத்தை அளந்து, இன்னும் இத்தனை மணி நேரம் ஓடும், இதற்குமேல் ஓடாது என்று துணிந்து சொல்வார். ஓடாது என்று சொல்வதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

விமானப் பராமரிப்பில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம் லாக் ஒயர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போல்ட்டுகள். தலையில் நுண்ணிய துளை. துருப்பிடிக்காத மெல்லிய கம்பியை முதல் துளையில் கோத்து, இடுக்கியில் பிடித்து முறுக்கிக்கொண்டே போய், அடுத்த போல்ட்டில் மாட்டி, நுனியை வெட்டி உள்ளே மடக்கிவிட வேண்டும். சூட்சுமம் எங்கே என்றால், ஒரு போல்ட் அதிர்வில் தளரப் பார்த்தால் அந்தக் கம்பி மற்றதை இறுக்குகிற திசையில் இழுக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் கம்பி இருந்தும் பயனில்லை. முறுக்கு அதிகமானால் கம்பி அறும். குறைந்தால் ஆடும். நுனியை மடக்காமல் விட்டால் அடுத்தவர் விரலைக் கிழிக்கும். பட்டறையில் நாங்கள் ஸ்பிரிங் வாஷர் போட்டு முடித்துவிடுகிற இடத்தில், நீங்கள் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள். வேலை முடிந்ததும் கருவிப் பலகைக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஓர் இடம் வரைந்திருக்கும். ஓர் இடம் காலியாக இருந்தால் அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் நகராது. என் பட்டறைப் பையன்களுக்கு இதைச் சொன்னபோது, "ஏனுங்ணா, நம்ம பட்டறையில அப்படிப் பார்த்தா ஒரு வண்டியும் வெளியில போகாதுங்களே" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஒரு பலகை அடித்து மாட்டினோம்.

இவ்வளவு கவனத்தையும் மீறி நேரும் துயரம் உண்டு. சூலூரின் 33-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஏஎன்-32 ஒன்று 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அந்தமானுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோகிற வழக்கமான பயணம். 29 பேர் இருந்தார்கள். வங்கக் கடலின்மேல் தொடர்பு அறுந்தது. கப்பலும் விமானமும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலடியில் விட்ட ஆளில்லாக் கலம் சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்த பாகங்களைப் படமெடுத்தது. அவை ஏஎன்-32-இன் பாகங்களோடு ஒத்திருப்பதாக அறிவித்தார்கள்.

அந்த 29 பேரின் குடும்பங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது. ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விபத்துக்கு மறுவாரமும் அந்தமானுக்குச் சரக்குப் போக வேண்டியிருந்தது. உங்களில் யாரோ ஒருவர் அதே வகை விமானத்தின் கீழே டார்ச் விளக்கோடு படுத்து, அதே சோதனைப் பட்டியலை முதல் வரியிலிருந்து பார்த்திருப்பார். கூட வேலை செய்தவர்கள் போன விமானத்தின் உடன்பிறப்பு அது. அந்தக் காலையில் அவர் கை நடுங்காமல் வேலை செய்தாரே, அதற்கு என் நன்றி.

அந்தத் தீவுகளுக்கு நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள் என்பதை 2004 சுனாமி காட்டியது. கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் விழுங்கியது. வீரர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓடுபாதையின் ஒரு பகுதி மிஞ்சியது. அந்த மிச்சத்தில் சரக்கு விமானங்கள் இறங்கி, தண்ணீரும் மருந்தும் கொடுத்து, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. குட்டையான ஓடுபாதையில் இறங்கத் தெரிந்த விமானத்தின் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

எங்கள் மண்ணுக்கு இதில் பழைய பாத்தியதை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கக் கோவையைத்தான் தேர்ந்தெடுத்தது. பீளமேட்டில் இருந்த தளத்துக்குக் 'கருடா' என்று பேர் வைத்தார்கள். சூலூரில் இருந்ததற்கு 'வைரி'. கடலே இல்லாத ஊரில் கடற்படைப் பணிமனை. ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் கைத்தொழில் தெரிந்த ஆள்களும் இருந்த ஊர் என்பது அவர்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? போர் முடிந்து 1946-ல் மூடிவிட்டுப் போனார்கள். பிறகு நம் விமானப்படை வந்தது. சூலூரில் இருக்கும் 5-ஆம் தளப் பழுதுபார்ப்புப் பணிமனைக்கு 2019 மார்ச்சில் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் நேரில் வந்து கொடி வழங்கினார். போரில் சண்டையிட்ட பிரிவுகளுக்குக் கிடைக்கிற மரியாதை ஸ்பேனர் பிடித்தவர்களுக்கும் கிடைத்தது. பக்கத்தில் குடியிருக்கும் எங்களில் பலருக்கு அது ஒரு நாள் போக்குவரத்து நெரிசலாக மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் கடனையும் சேர்த்துத்தான் இந்த மடலில் தீர்க்கப் பார்க்கிறேன்.

நன்றி என்று எழுதி முடித்துவிட்டால் அது வெறும் வாழ்த்து அட்டை. கொங்கு நாட்டில் நன்றி சொல்ல எங்களுக்குத் தெரிந்த வழி வேலைதான். பழைய ஆவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக 56 சி-295 சரக்கு விமானங்கள் வாங்க 2021-ல் ஒப்பந்தமானது. 16 ஸ்பெயினிலிருந்து முழுதாக, 40 வதோதராவில் டாட்டா ஆலையில் என்பது ஏற்பாடு. அந்த ஆலையை 2024 அக்டோபரில் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான பாகங்களை இந்தியச் சிறு, நடுத்தர நிறுவனங்களிடமிருந்து வாங்குவதாகத் திட்டம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் பாகங்களைப் பட்டியல் போட்டு, இதை உள்ளூரில் யார் செய்வீர்கள் என்று கேட்கிற அரசு இணையதளம் 2020 முதல் இருக்கிறது. கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். லட்சுமி மெஷின் ஒர்க்ஸாக இருந்த எல்எம்டபிள்யூ மாதிரி பெரியவர்கள் நூற்பு இயந்திரத்தோடு நிற்காமல் விமானப் பாகமும் செய்கிறார்கள்.

சின்னப் பட்டறைகள் எங்கே திணறுகிறோம் என்பதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். இயந்திரம் இருக்கிறது. பத்து மைக்ரான் பிடிக்கிற சிஎன்சி கோவைக் கணபதிப் பகுதியில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பழக்கம்தான் வேறு. பம்ப்செட்டில் ஓரத்துப் பிசிறு நின்றால் வாடிக்கையாளர் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார். விமானத்தில் அந்தப் பிசிறிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். இங்கே இரும்பு எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டால் 'நம்ம ஆளுகிட்டத்தான்' என்று சொல்லிவிடலாம். அங்கே எந்த உலையில் எந்த நாளில் உருக்கினது என்பதுவரை காகிதம் வேண்டும். பாகம் சரியாக இருந்து காகிதம் தப்பாக இருந்தாலும் அது கழிவுதான். இந்தக் கட்டுப்பாடு அதிகாரிகளின் கெடுபிடி என்று எங்கள் ஆள்கள் நினைக்கிறார்கள். நீங்கள் எங்கே நின்று என்ன பார்க்கிறீர்கள் என்பது தெரிந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

ஆகவே நன்றியோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். தேய்ந்து, விரிந்து, ஆயுள் முடிந்து நீங்கள் ஒதுக்கிவைத்த பாகங்களில் ரகசியம் எதுவும் இல்லாத ஒன்றிரண்டை, விதிகள் அனுமதிக்கிற அளவில், எங்களுக்குக் காட்டுங்கள். ஒரு புஷ், ஒரு பிராக்கெட், ஒரு வளையம் போதும். பட்டறைப் பையன்களை வரிசையாக நிறுத்தி, விரிசல் எந்த மூலையில் தொடங்கியது, ஏன் அங்கே தொடங்கியது, எத்தனை மணி நேரத்தில் பிடித்தீர்கள், பிடிக்காமல் விட்டிருந்தால் அது எந்த மலையின்மேல் அறுந்திருக்கும் என்று உங்களில் ஒருவர் பத்து நிமிஷம் சொன்னால், தரச்சான்றிதழ் வகுப்பு பத்து நடத்தினாலும் வராத புத்தி வரும். டிராயிங்கில் இருக்கும் எண் ஏன் அந்த எண்ணாக இருக்கிறது என்று புரிந்தவன் அதைத் தாண்டமாட்டான்.

எங்கள் தரப்பிலிருந்து வாக்கு இது. எங்களிடம் வரும் ஆர்டர் எவ்வளவு சின்னதானாலும், சொன்ன அளவில், சொன்ன இரும்பில், சொன்ன தேதியில் கொடுப்போம். முடியாதென்றால் முதல் நாளே முடியாதென்று சொல்வோம். பிசகிப்போன ஜாபைப் பூசி மெழுகி அனுப்பமாட்டோம். அடுத்தமுறை எங்கோ ஒரு பாலம் அடித்துப்போய், உங்கள் விமானம் ஏறும்போது, அதற்குள் இருக்கிற ஒரு சின்ன வளையமாவது கோவையில் கடைந்ததாக இருக்கட்டும். அதைப் பற்றி நீங்கள் ஒருபோதும் யோசிக்கவேண்டிய அவசியம் வராமல் இருந்தால், எங்கள் நன்றி உங்களுக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சூலூர் வட்டாரத்து லேத் பட்டறைக்காரன் ஒருவன்